தடுப்பூசியும் உடலின் நினைவும்: ‘சாதாரண’ காய்ச்சல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

பெரியம்மையை ஒழித்தாயிற்று, போலியோவை இந்தியாவை விட்டு விரட்டியாயிற்று, சளிக்கு மட்டும் ஏன் ஒரு ஊசி இல்லை? டெங்குவுக்கு ஏன் இத்தனை வருஷமாக இழுபறி? இந்தக் கேள்விகளுக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று நம் தோழர்களுடையது: “மருந்துக் கம்பெனிக்காரன் விடமாட்டான். சளி போயிட்டா அவன் மாத்திரையை எவன் வாங்குவான்?” மற்றது அறிவியல் பிரச்சாரகர்களுடையது: “விஞ்ஞானம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும்.” முதலாவது எல்லாவற்றையும் முதலாளியின் விருப்பமாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது எல்லாவற்றையும் காலத்தின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. வைரஸ் என்ன செய்கிறது, உடல் என்ன செய்கிறது என்பதைப் பற்றி இரண்டுமே ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்த இடத்தைத்தான் இங்கே பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதைப் பேசாமல் மருந்து அரசியலைப் பேசினால் வெறும் கோஷம்தான் மிஞ்சும்.

1

தடுப்பூசி என்கிற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘தடுப்பு’ என்றதும் வேலி, அணை, சுவர் என்றுதான் மனம் போகிறது. ஊசி போட்டுக்கொண்டவரின் உடலைச் சுற்றி ஒரு சுவர் எழும்பிவிட்டதாகவும் கிருமி அதில் முட்டித் திரும்பிப் போவதாகவும் ஒரு சித்திரம். “ரெண்டு ஊசியும் போட்டாச்சு, அப்புறமும் எப்படிக் கொரோனா வந்துச்சு?” என்று 2021இல் எல்லோரும் கேட்டது இந்தச் சித்திரத்துக்குள் நின்றுகொண்டுதான். பழைய ஆட்கள் ‘அம்மை குத்துறது’ என்றார்கள். நோயின் பெயரையே ஊசிக்கும் வைத்த அந்தப் பேச்சு, உண்மையில் நடப்பதற்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

தடுப்பூசி சுவர் எதையும் கட்டுவதில்லை. நோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்தோ, கொன்றோ, அதன் ஒரு துண்டை மட்டும் எடுத்தோ, உடலுக்கு அறிமுகம் செய்து வைக்கிறது. உடல் அந்த மேற்பரப்பை வாசித்து அதற்குப் பொருந்துகிற எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. நாளாவட்டத்தில் அந்தப் புரதங்களில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆனால் அவற்றை மறுபடி செய்யத் தெரிந்த சில செல்கள் தங்கிவிடுகின்றன. நினைவு செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். உண்மையான கிருமி வரும்போது அவை விழித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நம் மொழிக்கிடங்கு இதைப் போராகவே எழுதிப் பழகியிருக்கிறது. எதிரி, படை, கோட்டை, ஊடுருவல். சூசன் சொன்டாக் 1978இல் புற்றுநோய், காசநோய் ஆகியவற்றை வைத்தும் 1989இல் எய்ட்ஸை வைத்தும் எழுதிய நூல்கள், இத்தகைய உருவகங்கள் கடைசியில் நோயாளியின் தலையில்தான் விடிகின்றன என்பதைக் காட்டின. எனக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. போர் உருவகம் விளக்கத்தையே கெடுத்துவிடுகிறது. கோட்டை விழுந்தது என்றால் காவல்காரன் துரோகி, இல்லாவிட்டால் எதிரி தந்திரக்காரன். மூன்றாவதாக யோசிக்க அந்த உருவகத்தில் இடமில்லை. வைரஸுக்குத் தந்திரம் கிடையாது. அதற்கு நோக்கமே கிடையாது. நினைவு என்று எடுத்துக்கொண்டால் கேள்விகள் வேறாகின்றன. உடல் எதை நினைவு வைக்கிறது? உடலின் எந்த இடத்தில்? எவ்வளவு காலம்? அந்த நினைவு விழிக்க அவகாசம் கிடைக்கிறதா? அரைகுறையாக நினைவு வைத்தால் என்ன ஆகும்?

2

பெரியம்மை ஒழிப்பு இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெருங்கதையாடல். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகச் சுகாதார அமைப்பு நோய் ஒழிந்ததாக அறிவித்தது. (தெற்காசியாவில் 1973-75இல் அந்த இயக்கத்தின் இறுதிக் கட்டத்தில் வீடு புகுந்து பலவந்தமாக ஊசி போட்டதும் நடந்திருக்கிறது. பால் கிரீனோ என்ற வரலாற்றாய்வாளர் 1995இல் இதை விரிவாக எழுதினார். வெற்றிக் கதையில் இந்தப் பக்கம் சேர்க்கப்படுவதில்லை.) பிற நோய்களையெல்லாம் இந்த ஒரு வெற்றியை வைத்தே அளக்கிறோம். ஆனால் பெரியம்மை ஒரு விதிவிலக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

அது மனிதரை மட்டுமே பற்றியது. விலங்குகளில் பதுங்க இடமில்லை. நோய் முகத்திலும் கையிலும் வெளிப்படையாகத் தெரிந்தது. வைரஸ் அதிகம் மாறாதது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவது மிக அரிது. இவற்றோடு அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், நேரம். கிருமி உள்ளே போவதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே ஏறத்தாழ 12 நாட்கள். மூக்கு, தொண்டை வழியாக நுழைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றி வந்துதான் தோலுக்கு வரும். அந்த நீண்ட பாதையில் நினைவு விழித்துக்கொள்ளத் தாராளமாக நேரம் இருந்தது. நோயாளியோடு பழகியபிறகு மூன்று நாளுக்குள் ஊசி போட்டால்கூட நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒரு பொதுவான விதியை எடுக்கலாம். எந்த நோய் ஒருமுறை வந்தாலே ஆயுளுக்கும் நினைவை விட்டுச் செல்கிறதோ, அதற்கு ஊசி செய்வது ஒப்பளவில் சுலபம். இயற்கை செய்வதை ஆபத்தில்லாமல் செய்தால் போதும். எந்த நோய் வந்து போனபிறகும் உடல் அதை மறந்துவிடுகிறதோ, அங்கே இயற்கையைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்தாக வேண்டும்.

3

சளிக்கு வருவோம். ஜலதோஷம், நீர்க்கோவை, மூக்கொழுகல் என்று நாம் சொல்வது ஒரே நோய் மாதிரித் தோன்றுகிறது. அது மொழியின் வசதி. ஒரு பெயருக்குக் கீழே வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த வைரஸ்கள் இருக்கின்றன. பெரும்பங்கு ரைனோ வைரஸ்களுடையது. அதில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. இவை போக நான்கு பழைய கொரோனா வைரஸ்கள், அடினோ, ஆர்எஸ்வி, பாராஇன்ஃபுளுயன்சா என்று பட்டியல் நீளும். ஒரு ரைனோ வகைக்கு எதிராக உண்டாகும் புரதம் இன்னொரு வகையைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை.

வின்ஸ்டன் பிரைஸ் என்பவர் 1950களில் அமெரிக்காவில் ஒரு ரைனோ வைரஸைப் பிரித்தெடுத்து ஊசியும் செய்தார். அந்த ஒரு வகைக்கு எதிராக அது வேலை செய்தது. சளி ஒழிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கப்புறம்தான் மற்ற வகைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 2016இல் 50 வகைகளை ஒரே ஊசியில் சேர்த்துக் குரங்குகளுக்குப் போட்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்புப் புரதம் உண்டாவதைக் காட்டினார்கள். ஆக, ‘முடியவே முடியாது’ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லா வகைகளையும் சேர்த்து, பாதுகாப்பாகத் தயாரித்து, நான்கு நாளில் தானாகப் போகும் மூக்கொழுகலுக்காக ஆரோக்கியமானவர்களுக்குப் போட வேண்டும் என்றால் சிக்கல் வேறு தளத்துக்குப் போகிறது.

எண்ணிக்கை மட்டும் பிரச்சினையில்லை. 1985இல் மைக்கேல் ராஸ்மன் குழுவினர் ரைனோ வைரஸின் உருவத்தை அணு அணுவாக வரைந்தபோது, அதன் மேற்பரப்பில் ஒரு பள்ளம் தெரிந்தது. மனித செல்லோடு ஒட்டிக்கொள்ள வைரஸுக்குத் தேவையான இடம் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறது. அது அதிகம் மாறுவதில்லை. சுற்றியிருக்கும் மேடுகள்தான் வகைக்கு வகை மாறுகின்றன. எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் மேடுகளைத்தான் வாசிக்கின்றன. இலக்கியம் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பிடிபடுகிறது. பாடவேறுபாடுகளை மனப்பாடம் பண்ணிவிட்டு மூலத்தைத் தவறவிடுவது மாதிரி.

அடுத்தது இடம். கையில் போடுகிற ஊசி பெரும்பாலும் ரத்தத்தில்தான் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. சளி வைரஸோ ரத்தத்துக்கு வருவதே இல்லை என்று சொல்லலாம். மூக்கின், தொண்டையின் சளிச்சவ்வில் இறங்கி, ஓரிரு நாளில் பெருகி, தும்மலில் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. பெரியம்மைக்கு 12 நாள், இதற்கு ஒன்றிரண்டு நாள். நினைவு விழித்துச் சோம்பல் முறிப்பதற்குள் வைரஸ் வேலையை முடித்துவிடுகிறது. சளிச்சவ்வுக்கென்று தனியாக ஒரு வகைப் புரதம் இருக்கிறது, ஆனால் அது சீக்கிரம் குறைந்துவிடும். இங்கிலாந்தில் சால்ஸ்பரியில் 1946இலிருந்து சுமார் 44 வருஷம் ஒரு சளி ஆய்வு நிலையம் நடந்தது. தன்னார்வலர்களை அழைத்து, மூக்கில் கிருமியை விட்டுப் பார்ப்பார்கள். அங்கே செய்து 1990இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய கொரோனா வைரஸ் ஒன்றை ஓராண்டு இடைவெளியில் இரண்டாம் முறை மூக்கில் விட்டபோது, முதல் முறை தொற்றியவர்களில் பலருக்கு மறுபடியும் தொற்றியது. ஆனால் அவர்களில் யாருக்கும் சளி பிடிக்கவில்லை.

இந்த முடிவை நிதானமாக யோசிக்க வேண்டும். தொற்றைத் தடுப்பது வேறு, நோயைத் தடுப்பது வேறு. ரத்தத்தில் இருக்கும் நினைவு, வாசலில் நுழைவதைத் தடுக்காது, ஆனால் நுரையீரல்வரை போய் நாசம் பண்ணுவதைத் தடுக்கலாம். கோவிட் ஊசிகள் செய்த பெரிய காரியம் இதுதான். மரணத்தைக் குறைத்தன. மூக்கில் தொற்றுவதை நீண்ட நாள் தடுக்கவில்லை. ‘தடுப்பூசி’ என்ற சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டது. அரசும் விளக்கிச் சொல்லவில்லை. விளைவு, உயிரைக் காப்பாற்றிய ஒன்றைப் பற்றி ‘ஏமாத்திட்டாங்க’ என்ற பேச்சு.

4

“வைரஸ் உருமாறிக்கிட்டே இருக்கு, அதனாலதான்” என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த விளக்கம். ஃபுளு விஷயத்தில் இது சரி. அந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. அதன் மேற்பரப்புப் புரதத்தின் தலைப்பகுதி, வேலை கெடாமலேயே முகத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது. அதனால் உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை, வடக்குப் பகுதிக்காக பிப்ரவரியிலும் தெற்குப் பகுதிக்காக செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்தில் எந்த வகை வரும் என்று கணிக்கிறார்கள். ஊசி தயாராக ஏறத்தாழ ஆறு மாதம். அதற்குள் வைரஸ் வேறு பக்கம் போய்விடலாம். கணிப்பு நன்றாகப் பொருந்திய வருஷத்திலும் 40 முதல் 60 சதவீதப் பாதுகாப்புதான்.

ஆனால் தட்டம்மை வைரஸும் இதே மாதிரிப் பிழை திருத்தாத வைரஸ்தான். 1954இல் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழித்தோன்றல்களை வைத்துச் செய்த ஊசி இன்றைக்கும் வேலை செய்கிறது. ஏன்? எதிர்ப்புப் புரதங்கள் வாசிக்கிற இடங்களும், செல்லில் ஒட்டிக்கொள்ள வைரஸுக்குத் தேவையான இடங்களும் அங்கே பெரும்பாலும் ஒன்றாக இருக்கின்றன. அந்த இடத்தை மாற்றினால் வைரஸ் தானே செத்துப்போகும். ஆகவே ‘உருமாற்றம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது விளக்கமாகாது. எந்த இடத்தில் மாறினால் வைரஸுக்கு நஷ்டம், எந்த இடத்தில் மாறினால் நஷ்டமில்லை என்பதுதான் கேள்வி.

5

இதுவரை சொன்னது நினைவு போதாமல் போவது பற்றி. நினைவே எதிராகத் திரும்புவது டெங்குவில் நடக்கிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்குச் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு வேறு வகை வந்தால், முதல் முறையைவிட இரண்டாம் முறை மோசமாகும் வாய்ப்பு அதிகம். பழைய புரதங்கள் புது வகையை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கின்றன, ஆனால் செயலிழக்கச் செய்ய முடிவதில்லை. புரதம் ஒட்டிய கிருமியை விழுங்குவது சில ரத்த செல்களின் வேலை. டெங்கு வைரஸ் பெருகுவதோ அந்த செல்களுக்குள்தான். அரைகுறை நினைவு வாசலைத் திறந்துவிடுகிறது. 1960களில் பாங்காக்கில் குழந்தைகளிடம் ஸ்காட் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் கவனித்த விஷயம் இது. ஆகவே டெங்கு ஊசி நான்கு வகைக்கும் ஒரே சமயத்தில், ஏறத்தாழச் சமமாகப் பாதுகாப்பு தந்தாக வேண்டும். முக்கால் கிணறு தாண்டுவது இங்கே ஆபத்து.

பிலிப்பைன்ஸில் என்ன நடந்தது என்பதை நம் இயக்கங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்சியா ஊசி 2015 டிசம்பரில் முதல் அனுமதி பெற்றது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கி, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டது. அந்நாட்டு மருத்துவர்கள் சிலரும் ஹால்ஸ்டெட்டும் 2016லேயே எச்சரித்தார்கள். 2017 நவம்பர் 29இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது: முன்பு டெங்கு வந்தவர்களுக்கு ஊசி பயன் தருகிறது, வராதவர்களுக்குப் போட்டால், பின்னாளில் வரும் டெங்கு தீவிரமாகும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது ஊசியே முதல் டெங்குவாகிவிடுகிறது. திட்டம் நிறுத்தப்பட்டது. யார் குழந்தைக்கு முன்பு டெங்கு வந்திருந்தது, யாருக்கு இல்லை என்று பார்க்காமல் போட்டிருந்தார்கள்.

அதோடு முடியவில்லை. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் அந்நாட்டில் 2015இல் 93 சதவீதம். 2018இல் 32 சதவீதம் என்று ஓர் ஆய்வு சொன்னது. 2019இல் தட்டம்மை பெருவாரியாகப் பரவியது. அதே வருஷம் போலியோ திரும்ப வந்தது. கடினமான ஒரு ஊசியில் காட்டிய அவசரம், அறுபது வருஷமாக நன்றாக வேலை செய்கிற சுலபமான ஊசிகளின் மீதிருந்த நம்பிக்கையையும் கொண்டுபோய்விட்டது. செத்தது திரும்பவும் ஏழைக் குழந்தைகள்தான்.

இது முதல் தடவையும் இல்லை. கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு 1966இல் அமெரிக்காவில் ஓர் ஊசி சோதிக்கப்பட்டது. ஃபார்மலினில் கொன்ற வைரஸ். ஊசி போட்டு, பிறகு தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள்: செல்லோடு இணைவதற்கு முன் ஒன்று, இணைந்தபின் ஒன்று. அந்த ஊசி உடலுக்குக் காட்டியது பின் வடிவத்தை. உடல் தவறான முகத்தை மனப்பாடம் செய்துகொண்டது. முன் வடிவத்தைப் படம் பிடித்தது 2013இல். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்குமான ஊசிகள் அனுமதி பெற்றது 2023இல். 57 வருஷம்.

6

இப்போது முதல் பதிலுக்குத் திரும்பலாம். மருந்துக் கம்பெனி வேண்டுமென்றே சளி ஊசியை ஒளித்து வைத்திருக்கிறது என்பது கற்பனை. ஆனால் சந்தைக்கு இதில் பங்கில்லை என்பதும் பொய். கடினமான நோய்களில் எதன்மீது பணமும் பொறுமையும் செலவழிக்கப்படும் என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. ஆர்எஸ்வியால் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் 97 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். 2023இல் ஊசி முதலில் போய்ச் சேர்ந்ததோ அமெரிக்காவின், ஐரோப்பாவின் 60 வயதுக்காரர்களுக்கு. ‘சாதாரணச் சளிக்காய்ச்சல்’ என்பதில் சாதாரணம் என்பது வைரஸின் குணம் இல்லை. யாருடைய மூச்சு திணறுகிறது என்பதைப் பொறுத்து அது சாதாரணமாகிறது, அசாதாரணமாகிறது.

நம் ஊரில் இன்னொரு சொல் இருக்கிறது: ‘மர்மக் காய்ச்சல்’. டெங்கு என்று எழுத வேண்டிய இடத்தில் பத்திரிகைகள் எழுதும் சொல். 2017இல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படியே 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு, 65 மரணம். மர்மம் என்று எழுதிவிட்டால் யாரும் பொறுப்பாளியில்லை. டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. நாள்விட்டு நாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் எப்படிப் பிழைப்பது? தண்ணீரை ஒழுங்காக விடாத நிர்வாகமே, பிடித்து வைத்த பெண்களிடம் ‘உன் வீட்ல புழு இருக்கு’ என்று அபராதம் வாங்குகிறது. ஊசி கடினமான இடத்தில் குழாய் கடினமில்லை. அதைச் செய்யாமல் ஊசிக்காகக் காத்திருக்கச் சொல்வது ஒரு அரசியல்.

ஊசி செய்கிற இடங்களைப் பற்றியும் பேச வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1905இல் திறக்கப்பட்டது, பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத்தான். குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் கிண்டி பிசிஜி ஆய்வகமும் நாடு முழுவதற்கும் மலிவாக மருந்து செய்து கொடுத்தன. 2008 ஜனவரியில் மத்திய அரசு இந்த இரண்டின் உரிமத்தையும் கசௌலி நிறுவனத்தின் உரிமத்தையும் சேர்த்து நிறுத்தி வைத்தது. 2010இல்தான் திரும்பக் கொடுத்தது. இடையில் சந்தை தனியாருக்குப் போனது. செங்கல்பட்டில் கட்டப்பட்ட அரசுத் தடுப்பூசி வளாகம், 2021இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது உற்பத்தியே தொடங்காமல் கிடந்தது. பிரேசிலில் புட்டான்டன் என்கிற அரசு நிறுவனம் ஒரே தவணையில் போடும் டெங்கு ஊசியைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, இரண்டாண்டுக் கண்காணிப்பு முடிவுகளை 2024இல் வெளியிட்டது. ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு. ஆய்வு நடந்த காலத்தில் மூன்றாவது, நான்காவது வகைகள் அங்கே பரவவில்லை, ஆகவே அவற்றுக்கெதிரான பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். இந்தியாவில் ஐசிஎம்ஆரும் பனேசியா பயோடெக்கும் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. அது பிலிப்பைன்ஸ் கேள்விகளோடு அணுகப்பட வேண்டிய ஒன்று: முன்பு டெங்கு வராதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்களா? நான்கு வகைக்கும் தனித்தனியாக முடிவு உண்டா? எத்தனை வருஷம் கண்காணித்தார்கள்?

ஊசியை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று நம்மிடையே நடக்கும் சண்டை எனக்கு அர்த்தமற்றதாகப் படுகிறது. தட்டம்மை ஊசியும் டெங்கு ஊசியும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் ஒரே பொருளல்ல. ஒன்றைத் தயங்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் விடுவது குழந்தைக்குச் செய்யும் கொடுமை. மற்றதில் மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டு, பதில் வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம். கேள்வி கேட்பவரை அறிவியல் விரோதி என்பதும், பதில் சொல்பவரைக் கம்பெனி ஏஜெண்ட் என்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். கைநாட்டு வைக்கும் தாயிடமும் இந்த ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அவர் பேச்சிலேயே சொல்ல முடியும். சொல்லிவிட்டுத்தான் குழந்தையின் கையைப் பிடிக்க வேண்டும்.